கட்டம் போட்டு வரைந்த நடிகர் முகங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ராணி, ராஜா, வின்சர், வெலிங்டன், மனோகரா, லிடோ என்று தியேட்டர்கள் ஓடிய காலத்தைப் பற்றி எங்கள் ஊர் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்காவற்றுறையில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டிப் படம் பார்க்கப் போனதைச் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். படமா, சிவாஜி படமா என்று சொல்வார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே நின்ற அந்தப் படத்தைக் கையால் வரைந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது. ஆனால் கதையை யப்பானில் இருந்து தொடங்க வேண்டும்.

யப்பானில் கபுகி என்றொரு நாடகம் உண்டு. 1629 இல் அங்கே பெண்கள் மேடையேறத் தடை வந்தது. அதன் பிறகு பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். எங்கள் மெலிஞ்சிமுனைக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதினம் இல்லை. கபுகி நடிகர்களுக்கு அன்று சினிமா நட்சத்திரங்களுக்கு உள்ள மவுசு இருந்தது. அவர்களின் முகங்களை மரப்பலகையில் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்றார்கள். ஓவியர் வரைவார், செதுக்குபவர் செர்ரி மரத்தில் வெட்டுவார், அச்சிடுபவர் நிறத்துக்கொரு பலகையாக ஒற்றி எடுப்பார், பதிப்பாளர் விற்பார். 1765 அளவில் பல நிறங்களில் அச்சடிக்கும் முறை வந்த பிறகு சாதாரண சனமும் வாங்கிச் சுவரில் ஒட்டியது. ஷராக்கு என்ற ஓவியர் 1794, 1795 இல் பத்து மாதத்துக்குள் 140க்கு மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டுக் காணாமல் போனார். அவர் உண்மையில் யார் என்று இன்றுவரை ஆராய்கிறார்கள்.

அச்சுப்படம் வீட்டுக்கு, தியேட்டர் வாசலுக்குக் கையால் எழுதிய பலகை. அந்தப் பலகைகளை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து வரைந்து வந்தது தோரீ என்ற ஒரே குடும்பம். அதன் ஒன்பதாம் தலைவர் ஒரு பெண்மணி, 2021 இல் காலமானார். முந்நூறு வருடத்துக்கு மேலாக ஒரு தொழில், பெயரோடு!

இந்த அச்சுப்படங்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது வின்சென்ட் வான்கோ 500க்கு மேல் சேர்த்தார். 1887 இல் பாரிசில் மூன்று படங்களை எண்ணெய் வர்ணத்தில் கையால் நகலெடுத்தார். அதிலொன்று ஐசென் வரைந்த ஒரு பெண்ணின் படம். ஒரு சஞ்சிகை அட்டையில் வந்த அதை மெல்லிய தாளில் படியெடுத்து, கட்டம் போட்டு, பெரிய துணியில் பெருப்பித்தார். அந்தப் படியெடுத்த தாளும் ஓவியமும் ஆம்ஸ்டர்டாமில் இன்றும் இருக்கின்றன.

இதே கட்டம்தான் சினிமாப் பதாகைக்காரர்களின் கட்டமும். சென்னையில் இருந்து வந்த சிறிய புகைப்படத்தில் பென்சிலால் சதுரம் கீறுவார்கள். பெரிய துணியிலோ பலகையிலோ அதே எண்ணிக்கையில் பெரிய சதுரம். ஒரு சிறு சதுரத்தில் மூக்கின் நுனி எங்கே நிற்கிறதோ, பெரிய சதுரத்திலும் அங்கேதான் நிற்க வேண்டும். வகுப்பில் இலங்கைப் படத்தைப் பெருப்பிக்க நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். ஆனால் கீழே நின்று பார்ப்பவருக்கு முகம் கோணாமல் வர வேண்டும் என்றால் கட்டம் மட்டும் போதாது, கை அனுபவம் வேண்டும். 1957 இல் வணங்காமுடி படத்துக்குச் சென்னையில் சிவாஜிக்கு 80 அடி உயரக் கட்அவுட் நின்றது. உலகப் புகழ் பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் தன் தொழிலைத் தொடங்கியதும் சினிமாப் பதாகை வரைந்துதான். உருவப்படம் பற்றி எங்கள் சமூகத்தில் உள்ள மார்க்க விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. உழைத்துச் சாப்பிட்ட ஒரு தொழிலின் வரலாற்றையே சொல்கிறோம்.

இனிக் கவலைக்குரிய விடயம். அடுத்த படம் வந்தால் பழைய துணிக்கு மேலே வெள்ளை அடித்து அதிலேயே புதுமுகம் வரைவார்கள். அதனால் பதாகை தன்னைத்தானே அழித்துக்கொண்டே போனது. பிறகு யுத்தம் வந்து தியேட்டர்கள் மூடுண்டன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தீவகத் தமிழ் உறவுகளும் அந்த வருடங்களில் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் பழைய நோட்டீசையும் புகைப்படத்தையும் யார் தூக்குவார்கள்? திரும்பி வந்தபோது டிஜிட்டல் பிளெக்ஸ் வந்திருந்தது. தூரிகைக்கு வேலை இல்லை.

யப்பான் படங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். மலிவு விலைக்கு விற்ற அந்தத் தாள்கள் இன்று அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் மட்டும் 50,000க்கு மேல் உள்ளன. 1921 இல் அங்கே ஒரு பெரிய தொகுதியைக் கொடுத்த சகோதரர்கள் போட்ட நிபந்தனை: காட்சிக்கு வைக்கவே கூடாது, வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். அதே அருங்காட்சியகத்தில் 1917 முதல் பணியாற்றியவர் கொழும்பில் பிறந்த எங்கள் ஆனந்த குமாரசுவாமி. கைவினைஞரும் கலைஞரே என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

துணியை இனி மீட்க முடியாது. பெயர்களை மீட்கலாம். தியேட்டர் வாசலில் வரைந்தவர், கூத்துக்குச் சீன் வரைந்தவர், வள்ளத்துக்கும் லொறிக்கும் பெயர் எழுதியவர் யாரையாவது உங்கள் வீட்டு மூத்தவர்களுக்குத் தெரியுமா? இன்றிரவே கேளுங்கள். அவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பின்னணியில் பதாகை தெரிகிற பழைய கலியாணப் படம் இருந்தால் எறியாதீர்கள், ஸ்கான் பண்ணி வையுங்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் எங்கள் எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவருகிறது. படங்களையும் குரல்களையும் அங்கே சேர்ப்பிக்கலாம்.

ஷராக்கு யார் என்று தேடுவதற்கு யப்பானியரிடம் அவர் படங்களாவது மிஞ்சின. எங்களிடம் மிஞ்சியிருப்பது மூத்தவர்களின் ஞாபகம் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம், இன்ஷா அல்லாஹ்.