மூணு வருஷம் வாழ்ந்த கட்சி

கடலூர்ல எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாருக்கு ஒரு மணிமண்டபம் இருக்கு. அந்தப் பக்கம் போனப்ப, கூட வந்த நண்பன் "யாருடா இவரு?"ன்னு கேட்டான். எனக்கும் தெரியலை. அப்புறம் தேடிப் படிச்ச கதைதான் இன்னைக்கு.

தென்னார்க்காடு, சேலம் பக்கம் வன்னியர்கள் எண்ணிக்கையில அதிகம். பெரும்பாலும் விவசாயிகள், கூலிகள். ஆனா காங்கிரஸ் சீட்டுப் பட்டியல்ல அந்த எண்ணிக்கை தெரியலை. அந்தக் கோபத்துலதான் 1951ல இராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வடார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தனியா காமன்வீல் கட்சி ஆரம்பிச்சார். ஒரே சமூகம், ரெண்டு கட்சி!

1952 தேர்தல் வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு கிடைச்ச முதல் தேர்தல். தி.மு.க. நேரடியா நிக்கலை. சட்டசபையில திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்போம்னு உறுதி கொடுத்தவங்களுக்குப் பிரசாரம் பண்ணுச்சு. இந்த ரெண்டு கட்சியும் உறுதி கொடுத்தாங்க. உழைப்பாளர் கட்சிக்கு 19 எம்.எல்.ஏ., காமன்வீலுக்கு 6.

இங்கதான் கணக்கு சூடாகுது. மொத்தம் 375 இடம். காங்கிரஸ் ஜெயிச்சது 152தான். பெரும்பான்மைக்கு இன்னும் 36 பேர் வேணும். இந்த 25 பேர் யார் பக்கம் சாய்வாங்க? தேர்தல்லயே நிக்காத ராஜாஜியை மேலவைக்கு நியமிச்சு முதல்வர் ஆக்கினாங்க. காமன்வீல் ஆதரவு கொடுத்துச்சு; மாணிக்கவேலு மந்திரி ஆனார். திராவிட நாடு உறுதி? காத்தோட போச்சு.

உழைப்பாளர் கட்சி அப்போ மந்திரிசபையில சேரலை. குலக்கல்வித் திட்ட எதிர்ப்புல ராஜாஜி விலகி, 1954 ஏப்ரல்ல காமராஜர் வந்தப்ப, எட்டுப் பேர் மந்திரிசபையில மாணிக்கவேலு, படையாட்சியார் ரெண்டு பேருக்குமே இடம். ரெண்டு கட்சியும் கலைஞ்சு காங்கிரஸ்ல கரைஞ்சுது.

விலை போயிட்டாங்கன்னு சொல்றது ரொம்ப சுலபம். எனக்கு அப்படித் தோணலை. கதவைத் திறக்கத்தானே கட்சியே ஆரம்பிச்சாங்க? கதவு திறந்ததும் உள்ள போனாங்க. ஆனா கதவு திறந்தது ரெண்டு பேருக்குத்தான். வாழ்க்கையில முதல் தடவை ஓட்டுப் போட்ட அந்தக் கூலி விவசாயிக்கு, அவர் தேர்ந்தெடுத்த கட்சியே அடுத்த தேர்தல்ல இல்லை. அவர்கிட்ட யாராவது கேட்டாங்களா? அதுதான் எனக்கு உறுத்துது.

படையாட்சியார் பின்னாடி 1980லயும் 1984லயும் திண்டிவனத்துல ஜெயிச்சு எம்.பி. ஆனார். நின்னது காங்கிரஸோட கை சின்னத்துல.