மன்னார்க் கரையும் சிறுகணினியும்

ஈழநாட்டின் வடமேற்குக் கரையிலே, பெருநிலத்தோடு ஒரு நெடும்பாலத்தாற் பிணைந்து கிடப்பது மன்னார்த்தீவு. மாதோட்டத் துறையிலே மரக்கலங்கள் நெருங்கிய பண்டைநாள் தொட்டுப் பொருளும் செய்தியும் இக்கரையின் வழியே சென்றனவேயன்றி, இங்கே தங்கியவை சிலவேயாம். 1914-ஆம் ஆண்டு தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையிலிருந்து வந்த அஞ்சல் மூடைகள் தலைமன்னார் இறங்குதுறையிற் புகைவண்டிக்கு மாறிக் கொழும்பு சென்றன. 1964 மார்கழிச் சூறாவளி தனுக்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களிலே போரினால் நின்றது. தலைமன்னார் இருப்புப்பாதை 1990 அளவிலே அறுந்து, 2015 மார்ச்சிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. 2006-இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த கடலடி வடமோ இத்தீவிற் கரையேறவேயில்லை.

இவ்வாறு வழிகள் அறுந்த காலமெல்லாம் மக்கள் இழந்தவை எவை? காணி உறுதி, பிறப்புப் பத்திரம், மணநாட் படம் என்பனவே. இடப்பெயர்வின்போது அவற்றைப் பையிலிட்டுச் சுமந்தவரும் உளர். சுமக்க நேரமின்றி விட்டவரும் உளர். இன்று அவற்றின் படிகள் பெரும்பாலும் தூரதேசத்துக் கம்பனிகளின் களஞ்சியங்களிலே கிடக்கின்றன. இணைப்பு நின்றால் அவை எட்டா. சந்தா நின்றாலும் எட்டா. ஆதலின் ஒரு படியேனும் தம் வீட்டிலே இருத்தல் நன்றென்று கருதுவோர்க்கு உதவுவதே வீட்டுச் சேவையகம். ஓயாது விழித்திருந்து, வீட்டார் கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினி அது. வெளியிணைப்பை வீட்டினுள்ளே பகிர்ந்து, வேண்டாதவரை வாயிலிலே நிறுத்துவது ரவுட்டர். இவ்விரு தொழிலுக்கும் பெருங்கணினி வேண்டியதில்லை.

சிறுகணினியின் வரலாறு ஒரு வகையிற் சுவையானது. விற்றவர் நினையாத பயனை வாங்கியவர் கண்ட வரலாறு அது. 2002-இன் இறுதியில் லிங்சிஸ் கம்பனி வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரவுட்டரின் செய்ந்நிரல் லினக்சை அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதன் உரிமவிதி வற்புறுத்தியமையால் மூலநிரல் 2003-இல் வெளிவந்தது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச இயக்குதளம் தோன்றிற்று. 2012 பெப்ருவரி 29-ஆம் நாள் இங்கிலாந்திலே ராஸ்பெரி பை 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் நிரலெழுதப் பழகுதற்கென்று செய்யப்பட்ட அப்பலகை, பழகிய பெரியோரின் வீட்டு அலமாரியிலே சேவையகமாயிற்று.

எனினும் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். 2022-இல் நாட்டை வாட்டிய பொருளாதார நெருக்கடியிலே டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறிற்று. 7,000 ரூபாவாக இருந்த 35 டொலர் 12,600 ஆயிற்று. கப்பற்கூலியும் தீர்வையும் வேறு. உலகெங்கும் அப்பலகைக்குத் தட்டுப்பாடு நிலவியதும் அக்காலத்திலேயாம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மன்னாரிலே 2020-இன் இறுதியில் தொடங்கப்பெற்ற 30 காற்றாலைகளின் ஆற்றல் 103.5 மெகாவாற்று, ஆனால் அம்மின்சாரம் தேசிய வலையிற் சேர்வது. காற்றாடியின் நிழலிலே வாழ்வதனால் விளக்கெரியும் என்னும் உறுதியில்லை.

எனவே இக்கரையிலே முதலிற் பார்க்கவேண்டியது மின்செலவு. 50 வாற்று உண்ணும் பழைய மேசைக்கணினி ஓராண்டு ஓயாது இயங்கினால் 438 அலகு செலவாகும். 5 வாற்றுப் பலகைக்கு 44 அலகு போதும். 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மின்கலத்திற் பாதியைப் பயன்படுத்தினால் முன்னது ஒரு மணிநேரமும் நில்லாது. பின்னது எட்டு மணிநேரம் நிற்கும். ரவுட்டரும் அதே மின்கலத்தை உண்ணுமாயின் அதற்கேற்பக் குறையும்.

ரவுட்டராக்க விரும்புவோர் வலைத்துளைகளை எண்ணுதல் வேண்டும். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 விரைவுடையதே. ஆயினும் துளை ஒன்றே. இரண்டாவதை யூ.எஸ்.பி. வழியாகச் சேர்க்கவேண்டும். நானோபை ஆர்2எஸ் போன்றவை இரு துளைகளோடேயே வருவன. அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு மேசைக்கணினிகள் வலிமையிலும் மலிவிலும் சிறந்தவை. சேவையகத்துக்கு அவையே தக்கன என்பாரும் உளர். ஆனால் அவற்றின் விசிறி கடற்காற்றின் உப்பையும் மணற்றூளையும் உள்ளிழுக்கும். கரையோர வீட்டுக்கு விசிறியற்ற, மூடிய உலோகப் பெட்டியே ஏற்றது.

பெரும்பிழை நினைவட்டையிலே நேர்வது. இடைவிடாத எழுத்தாலும் திடீர் மின்வெட்டாலும் அச்சிற்றட்டை பழுதாகிக் கோப்புகள் அழியும். இயக்குதளத்தை அதில் வைத்தாலும், குடும்பப் பத்திரங்களைத் திண்ம வட்டிலே வைத்தல் வேண்டும். அதன் மறுபடி ஒன்று வவுனியாவிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டுப் பெட்டியிலும் இருத்தல் வேண்டும். சூறாவளி வருங்கால் அலமாரியும் கணினியும் ஒன்றாகவே நனையும்.