கேரளக் கட்சி அரசியலில் ஒலி, ஒளிபரப்பு நெறியாளர்கள்

நேயர்களோடு நாள்தோறும் அரசியல் பேசி, ஒரு கட்சியின் பக்கம் அவர்களைத் திரட்டும் வானொலி நெறியாளர் கேரளத்தில் உருவாகவில்லை. ஒலிபரப்பு விதிகள் அதற்கு இடம் தரவில்லை. அந்தப் பணி செய்தித் தொலைக்காட்சிகளின் இரவு விவாத நெறியாளர்களிடம் சென்றது. தலைநகர் திருவனந்தபுரம் இவ்வரலாற்றின் முக்கியக் களம்.

வானொலிக் காலம்

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையமானது. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது என்பது பின்னாளில் வகுக்கப்பட்ட வானொலி நெறிகளுள் ஒன்று. 1977 மக்களவைத் தேர்தல் முதல் கட்சிகளுக்குப் பிரசார நேரம் ஒதுக்கப்பட்டது. அதிலும் பேசியவர்கள் கட்சிக்காரர்களே. பின்னர் வந்த தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. இரு தரப்புக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதி 1987இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே வானொலி நெறியாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுதும் ஒலித்தது. 1994 தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் புதிய உறுப்பினர்கள் அவரைத் தங்கள் அணியின் கௌரவ உறுப்பினராக்கினர்.

தொலைக்காட்சியின் வருகை

1993இல் தொடங்கிய ஆசியாநெட், தனியார் ஒளிபரப்பைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தது. 2003இல் இந்தியாவிஷன் முழுநேரச் செய்திச் சேனலாக வந்தது. ஓர் அமைச்சர் மீது குற்றம் சாட்டி ஒரு பெண் அளித்த பேட்டியை 2004இல் அது ஒளிபரப்பியது பெரும் போராட்டங்களைக் கிளப்பியது. குற்றச்சாட்டை மறுத்துவந்த அந்த அமைச்சர், முஸ்லிம் லீக்கின் பி.கே. குஞ்ஞாலிக்குட்டி 2005 ஜனவரியில் பதவி விலகினார். சேனலின் தலைவர் எம்.கே. முனீரும் அதே கட்சிக்காரர், அதே அமைச்சரவையில் இருந்தவர்.

கட்சிகளும் சேனல்களும்

மார்க்சிஸ்ட் கட்சியின் ஆதரவோடு, பொதுமக்களிடம் பங்குத்தொகை திரட்டி 2000இல் கைரளி தொடங்கியது. காங்கிரஸ் சார்பில் 2007இல் ஜெய்ஹிந்தும், சங்கப் பரிவாரத்தின் சார்பில் 2015இல் ஜனமும் வந்தன. பிறர் நடத்தும் விவாதங்களையும் கட்சிகள் அலட்சியம் செய்யவில்லை. தம் பேச்சாளர்களுக்குப் போதிய நேரம் தரப்படுவதில்லை என்று கூறி, 2020 ஜூலையில் ஆசியாநெட் நியூஸ் விவாதங்களை மார்க்சிஸ்ட் கட்சி புறக்கணித்தது.

தேர்தல் களத்தில்

2016 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி இரண்டு தொலைக்காட்சி முகங்களை நிறுத்தியது. ஆறன்முளாவில் வீணா ஜார்ஜ் வென்றார்; 2021இல் சுகாதார அமைச்சரானார். இந்தியாவிஷனிலும் ரிப்போர்ட்டர் சேனலிலும் புகழ்பெற்ற எம்.வி. நிகேஷ் குமார் அழீக்கோட்டில் முஸ்லிம் லீக்கின் கே.எம். ஷாஜியிடம் தோற்றார். கைரளியின் ஜான் பிரிட்டாஸ் 2021இல் மாநிலங்களவைக்குச் சென்றார். ஆசியாநெட் நியூஸில் முதலீடு செய்த ராஜீவ் சந்திரசேகர், 2024இல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராகச் சசி தரூரிடம் தோற்று, 2025 மார்ச்சில் அக்கட்சியின் மாநிலத் தலைவரானார்.

மதிப்பீடு

லிம்பா கட்சிக்கு வெளியே நின்று அதை உந்தியவர். கேரளத்திலோ ஊடக முகங்களைக் கட்சிகள் உள்ளிழுத்துக்கொண்டன. வேட்பாளர் பட்டியலை முடிவு செய்யும் அதிகாரம் கட்சிகளிடமே இருந்தது. தொலைக்காட்சிப் புகழ் வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. வெற்றியைத் தொகுதியின் கணக்கே தீர்மானித்தது.