முட்டம் முனையும் நம் கரையும்

நம் கடற்கரைப் பங்குகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1544-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டின் இறுதியில் புனித சவேரியார் இக்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததைத் தம் கடிதத்தில் குறித்தார். அவர் கண்ட ஊர்கள் அந்தந்த இடங்களில் ஏன் அமைந்தன என்று நாம் கேட்பதில்லை. முட்டம் முனையில் கலங்கரை விளக்கத்தினருகே நின்று பார்த்தால் காரணம் புலப்படும்.

அங்குள்ள பாறை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியது. மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கரைந்தபின் அது வெளியே தெரிந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய அளவை நெருங்கியது. அன்றுமுதல் அலை இக்கரையைத் தின்கிறது. செம்மண்ணும் மணலும் எளிதில் கரைந்து உள்வாங்கின. பாறை இருந்த இடம் முனையாகத் துருத்தி நின்றது.

அலையின் போக்கும் விந்தையானது. முனைக்கு முன்னால் ஆழம் குறைவு. ஆகவே அங்கு வரும் அலை வேகம் தளர்கிறது. ஆழமான பக்கத்து அலையோ முந்திச் செல்கிறது. இதனால் அலை வளைந்து, முனையின் மீதே கூடி மோதுகிறது. குடாவுக்குள் அதன் விசை பரந்து தணிய, மணல் தங்குகிறது. அந்த மணலில்தான் நம் முன்னோர் கட்டுமரம் ஏற்றினர், குடிசை போட்டனர். ஆனி ஆடிக் கடலின் அடியைப் பாறை வாங்கிக்கொள்ள, ஊர் பக்கத்தில் ஒதுங்கியது.

மணவாளக்குறிச்சியின் கருமணலும் செம்மணிகளும் இத்தகைய பழம்பாறைகள் உதிர்ந்து, ஆறும் அலையும் சலித்துச் சேர்த்தவையே.

எல்லா அலையும் முனைக்குக் கட்டுப்படுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை சாதாரண அலை போலன்றி, கடலே எழுந்து வந்ததுபோல் குடாக்களுக்குள் புகுந்தது. குளச்சல் முதலிய ஊர்களில் நாம் புதைத்தவர்கள் பலர்.

கடலரிப்புக்கு அஞ்சி, கல்லடுக்கித் தூண்டில் வளைவுகளை நாமே கட்டச் சொல்கிறோம். அதுவும் ஒரு சிறிய முனைதான். ஒருபுறம் மணலைப் பிடிக்கும். மறுபுறத்து ஊருக்குப் போகவேண்டிய மணல் அங்கேயே நின்றுவிடும். வளைவு கேட்டு மனு எழுதும்போது அடுத்த ஊராரையும் நாம் கூப்பிட வேண்டியிருப்பது இதனால்தான்.