வைத்தியர் எழுதிக்கொடுத்த செயலி

குளிசைக்குப் பதிலாக வைத்தியர் ஒரு கைத்தொலைபேசிச் செயலியை எழுதிக்கொடுத்தால் எப்படியிருக்கும்? 2017 செப்ரெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘ரீசெற்’ என்பதற்கு அனுமதி வழங்கியது. போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் முதற்செயலி அதுதான். 12 வாரப் பாடங்கள், மனதைத் திருப்பும் பயிற்சிகள். வழமையான சிகிச்சையோடு சேர்த்தே பாவிக்கவேண்டும். 2020 இல் நித்திரையின்மைக்கும் ஒன்று வந்தது.

கணக்காளன் கண் ஐந்தொகைக்குத்தானே போகும்! இவற்றைச் செய்த பெயார் தெரப்பியூட்டிக்ஸ் கம்பனி 2021 டிசெம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 160 கோடி டொலர். 2023 ஏப்ரலில் வங்குரோத்து. மே மாதம் ஏலத்தில் போன சொத்துக்களின் விலை ஏறத்தாழ 60 இலட்சம் டொலர்தான். வைத்தியர்கள் எழுதினார்கள், காப்புறுதிக்காரர் பலர் காசு கட்ட மறுத்தார்கள்.

ஜேர்மனி 2019 இல் சட்டமே போட்டது: பட்டியலில் ஏறிய செயலிக்குப் பொதுக் காப்புறுதி பணம் கட்டவேண்டும். 2020 ஒக்ரோபரில் முதல் இரண்டு ஏறின. ஒன்று காதிரைச்சலுக்கு, மற்றது பதற்றத்துக்கு. அங்குள்ள நம்மவரும் வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் அவை பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே பேசுகின்றன. போர்நினைவில் நித்திரை கெட்ட அம்மம்மா, பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு அதற்கு எதைச் சொல்வார்?