வணிகக்குறிப் பதிவில் ஒலியும் பொருளும்

முன்னுரை

வணிகர் தம் சரக்கைப் பிறர் சரக்கினின்று வேறுபடுத்திக் காட்ட இடும் பெயரும் உருவும் வணிகக்குறி எனப்படும். அதனைப் பதிவு செய்தல் சட்டத்துறைச் செயலாகும். எனினும், குறிகளுள் பல சொற்களாகவே அமைதலின் மொழியாய்வுக்கும் அதில் இடமுண்டு. இந்தியாவில் இப்பதிவுமுறை வளர்ந்த வரலாற்றையும், அதில் சொல்லின் ஒலியும் பொருளும் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பண்டைக் குறிகள்

காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளின்மேல் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அஃது அரசின் குறி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, வணிகர் பெயர் பொறித்த பொதிகளைக் குறிப்பிட்டு, அவ்வெழுத்தைக் கண்ணெழுத்து என்கிறது. இஃது உடைமைக் குறி. ஒருவர் குறியைப் பிறர் கையாளாது தடுக்கும் உரிமை இவ்விரண்டிடத்தும் பேசப்படவில்லை. எனவே இவற்றை இன்றைய வணிகக்குறியின் நேர்முன்னோடிகளாகக் கொள்வதற்கில்லை.

சட்ட வரலாறு

இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவுமுறை தோன்றியது. இந்தியாவில் அது வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடைக்காலத்தில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் 1889ஆம் ஆண்டு வணிகச் சரக்குக் குறிகள் சட்டமும் போலிக் குறியிடலைக் குற்றமாக்கின. ஆயினும், குறி தமக்குரியது என மெய்ப்பிக்கும் சுமை வழக்குதோறும் வணிகரையே சார்ந்தது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டுக்கு வழிவகுத்தது. பின்னர் 1958, 1999ஆம் ஆண்டுச் சட்டங்கள் முறையே அதன் இடத்தைப் பெற்றன. 15.9.2003இல் நடைமுறைக்கு வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுக் காலத்தை 7 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்த்தியது. சேவைகளுக்கான குறிகளையும் ஏற்றது.

ஒலியின் முதன்மை

இரு குறிகள் ஒத்துள்ளனவா என்னும் வினாவில் நீதிமன்றங்கள் ஒலிக்கே முதன்மை தந்துள்ளன. அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்னும் இரு மருந்துப் பெயர்களும் பொருளால் வேறானவை என அலகாபாத் உயர் நீதிமன்றம் கருதியது. 1962இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. மருந்து வாங்குவோர் பெயரைப் பிரித்துச் சொற்பிறப்பு ஆராயார்; மங்கலான நினைவுடனேயே கடைக்கு வருவர் என்பது அதன் கருத்து. நெடுங்காலம் எதிர்ப்பின்றி வழங்கியமையால் லட்சுமண்தாராவுக்கு உத்தரப் பிரதேச அளவில் மட்டும் பதிவு கிட்டியது.

சென்னை மூக்குப்பொடி வழக்கொன்றில், 'ஸ்ரீ அம்பாள்' முன்னரே பதிவான குறி. 'ஸ்ரீ ஆண்டாள்' பின்னர்ப் பதிவு கோரியது. ஒன்று சிவனின் தேவி, மற்றொன்று திருமாலுக்குரிய நாச்சியார். எனினும் பொடி வாங்குவோருள் பிற சமயத்தாரும் உளர். வணிகம் தென்னாட்டோடு நிற்பதுமன்று. ஆதலின் ஒலியொப்புமையே குழப்பம் விளைக்கும் என 1969இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

பொருளின் இடம்

ஒரு சொல் பதிவுக்குத் தக்கதா என்னும் வினாவிலோ பொருளே முதன்மை பெறுகிறது. சரக்கின் வகையையோ தரத்தையோ பிறப்பிடத்தையோ மட்டும் உணர்த்தும் சொல், வழக்காற்றால் தனித்தன்மை பெற்றாலன்றிப் பதிவாகாது. சமய நூலின் பெயரை ஊதுவத்திக்கு ஒருவரே உரிமை கொள்ளல் ஆகாது என 'ராமாயண்' வழக்கில் 2015இல் தீர்ப்பாயிற்று.

தமிழெழுத்தில் அமைந்த குறிக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தருமாறு 2017ஆம் ஆண்டு விதிகள் விண்ணப்பதாரரைப் பணிக்கின்றன. சிக்கல் இங்கேதான் எழுகிறது. 'நல்லெண்ணெய்' என்பதை 'நல்ல எண்ணெய்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அஃது எள்ளிலிருந்து எடுப்பது என்னும் செய்தி மறைந்துவிடும். 'பொன்னி' என்பதற்குக் காவிரி என்று மட்டும் பொருள் எழுதினால், அது நெல்வகையின் பெயருமாதல் புலப்படாது. பொதுச்சொல் ஒருவரின் தனியுடைமையாயின், அதே சரக்கை விற்கும் சிறுவணிகர் தம் பொருளைப் பெயர் சொல்லி விற்கவும் இடர்ப்படுவர்.

முடிவுரை

ஒப்புமை காண்கையில் வாங்குவோரின் செவியும், தகுதி காண்கையில் சொல்லின் பொருளும் அளவுகோல்களாகின்றன என்பது மேற்கண்டவற்றால் புலனாகிறது. முன்னதற்குப் புலமை வேண்டா, பின்னதற்கு வேண்டும். உணவு, நெசவு, வேளாண்மை, மருத்துவம் ஆகிய துறைகளில் வழங்கும் பொதுச்சொற்களை வட்டார வழக்குகளுடன் தமிழ்த்துறைகள் தொகுத்து ஆங்கில விளக்கத்துடன் வெளியிடின், பதிவை ஆராய்வோர்க்கும் எதிர்ப்போர்க்கும் அது சான்றாகும்; பொதுச்சொல் பொதுச்சொல்லாகவே நிலைக்கவும் துணைசெய்யும்.