பையின் எடை, குடத்தின் எடை

பள்ளிக்கூடப் பையின் கனம் பற்றி நாடாளுமன்றத்தில் பெரிய பேச்சு எழுந்தது 1989இல். பேசியவர் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் தமது முதல் உரையிலேயே இதைத்தான் எடுத்தார். அதன் பிறகு 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு போட்டார்கள். பையின் பாரத்தைவிடப் புரியாமல் படிக்கிற பாரம்தான் கொடியது என்று 1993இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. நல்ல அறிக்கைதான். ஆனால் இந்தப் பேச்சிலெல்லாம் முதுகு வளைந்து நடந்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

அதே காலத்தில் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குப் பை என்று ஒன்று கிடையாது. மஞ்சப்பை வச்சிருந்தவன் வசதிக்காரன். எனக்கு யூரியா சாக்கை அறுத்து அம்மா தைத்துக் கொடுத்தது. உள்ளே ஒரு சிலேட்டு, ஓரம் போன புத்தகம், சத்துணவுக்குத் தட்டு. அதில் தட்டுதான் கனம். ஊர்த்தெருப் பிள்ளைகளில் ரெண்டொருத்தர் அலுமினியப் பெட்டி கொண்டுவருவார்கள். சாயங்காலம் "டேய், பெட்டிய எடுத்துக்கிட்டு வாடா" என்றால் எங்களில் ஒருத்தன் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் வீட்டு வாசப்படி வரைக்கும். வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அடுத்தவன் புத்தகத்தைச் சுமந்ததை எந்தக் குழுவும் எடை போடவில்லை.

தலித் பிள்ளை பள்ளிக்குச் சுமந்துபோனதன் வரலாறு வேறு. சாத்தாராவில் படித்த சிறுவன் அம்பேத்கருக்கு வகுப்பில் மூலையில் தனி இடம். உட்காருவதற்குச் சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும், சாயங்காலம் அதையே திருப்பி எடுத்துவர வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். சாக்குத்துண்டு எத்தனை கிராம் இருந்துவிடப் போகிறது? அதைத் தராசில் வைத்து என்ன கண்டுபிடிப்பார்கள்?

இப்போது முதுகுக்கு வருவோம். பையால் பிள்ளைகளுக்கு முதுகுவலி வருகிறதா என்று உலகம் முழுக்க நடந்த 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2018இல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். வருகிறது என்று சொல்லத் திடமான சான்று இல்லை என்றார்கள். அதற்காகக் கனமான பை நல்லது என்று ஆகிவிடாது; தோள் வலிக்கும், பிள்ளை சோர்ந்துபோகும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் சந்தேகமே இல்லாமல் முதுகெலும்பைக் கெடுக்கிற ஒன்று உண்டு. அது பையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

தருமபுரி பாறை பூமி. கிணறு வற்ற வற்ற ஆழ்துளை போட்டார்கள். பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு அந்த ஆழத்துத் தண்ணீரில் கரைந்து மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது. மீறிக் குடித்தால் முளைக்கிற பல்லிலேயே பழுப்புக் கறை ஏறும். வருசக்கணக்கில் குடித்தால் எலும்பில் படிந்து, முதுகெலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் சுண்ணாம்பேறி இறுகிப்போகும். குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. இது புதுச் சேதியும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். எங்க ஆயா கடைசிக் காலத்தில் திரும்பிப் பார்க்க உடம்போடு திரும்பும். 'வாதம்' என்றார்கள். பல் கறையை 'பொகையில போட்டிருப்பான்' என்றார்கள், பத்து வயசுப் பையனைப் பார்த்து.

அந்தத் தண்ணியும் சும்மா கிடைத்ததா? காலனிக்குக் கைப்பம்பு வருகிறவரை என் அக்கா ஒன்பது வயசிலிருந்து இடுப்பில் குடம் வைத்து நடந்தது. பன்னிரண்டு லிட்டர் பிடிக்கிற குடமென்றால் பன்னிரண்டு கிலோ. பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020இல் மத்திய அரசு கொள்கை வகுத்தது. இருபது கிலோ பிள்ளைக்கு ரெண்டு கிலோ. அக்கா தூக்கியதற்கு எந்தக் கொள்கையில் கணக்கு? தண்ணிக்குப் போன நாளில் அதுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்புறம் ஒரேயடியாக இல்லை.

2012-13 கல்வியாண்டில் தமிழக அரசு எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை கொண்டுவந்தது. புத்தகத்தை மூன்றாகப் பிரித்ததில் பை உண்மையிலேயே லேசானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாப் பையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாக்குப்பை தூக்கியவன் என்ற முறையில் இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதே கல்வியாண்டில்தான், 2012 நவம்பர் 7 அன்று, இதே தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளைச் சாதிவெறியர்கள் கொளுத்தினார்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. பிள்ளைகளின் புத்தகங்களும் சான்றிதழ்களும் சாம்பலாயின. எங்கள் மாவட்டத்துப் பை அன்றைக்கு இறங்கிய எடையை எந்த யஷ்பால் குழு கணக்கிடும்?

2018இல் சென்னை உயர்நீதிமன்றமும் பையின் எடையைக் குறைக்க உத்தரவிட்டது. 2020 கொள்கையில் இன்னொரு வரி உண்டு. பள்ளியே நல்ல குடிதண்ணீர் தர வேண்டுமாம், பிள்ளை பாட்டில் சுமக்கத் தேவையில்லையாம். எங்கள் பக்கத்தில் அந்த வரியைப் படித்துத்தான் நான் நின்றுவிட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனில் கட்டி, 2013இல் காவிரித் தண்ணீர் விட்டார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. வந்த இடத்தில் நல்ல தண்ணி. எங்கள் காலனி இருப்பது குழாயின் கடைசியில். ஊர்த்தெரு பிடித்து முடித்த பிறகு வருவதுதான் எங்களுக்கு. வராத நாளில் மறுபடி போர்த் தண்ணிதான்.

பள்ளிகளில் பை எடை போடப் போகிற தோழர்கள் தராசோடு ஒரு சுத்தமான பாட்டிலும் கொண்டுபோங்கள். பிள்ளைகள் குடிக்கிற குழாயில் தண்ணீர் பிடித்து ஃப்ளோரைடு சோதனைக்குக் கொடுங்கள். பையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, பல்லைக் காட்டச் சொல்லுங்கள்.